நான்கு மீட்டருக்குள் ஒரு குடும்ப வண்டி: புதியது எது, கடன் வாங்கத் தக்கது எது?

வாகனக் கடன் கேட்டு எங்கள் கிளைகளுக்கு வருவோர் முன்பெல்லாம் முதலில் கேட்பது, "எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பதாகவே இருக்கும். இப்போது அதற்கு முன்பே வேறொரு கேள்வி வந்துவிடுகிறது: "புது மாடல் வந்திருக்கிறதாமே, பழையதற்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?" நாங்கள் பொறியாளர்கள் அல்லர். ஆயினும் அந்த வண்டியின் பேரில் ஐந்தாண்டு, ஏழாண்டு எனப் பணம் கொடுத்துக் காத்திருப்பவர்கள் நாங்கள்தாம். வண்டி வாங்கிய நாளின் பூமாலையையும் பார்க்கிறோம். நான்காம் ஆண்டில் தவணை கட்ட முடியாத நிலையையும் பார்க்கிறோம். அந்த அனுபவத்தில் நின்று இக்கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறோம்.

சில வாரங்களுக்கு முன் பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கிளைக்கு வந்திருந்தது. ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு குறிக்கும் அதே பூதிகோட்டைதான். தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின் வேறு வேலைகள் செய்து சிறுகச் சேர்த்த வைப்புத்தொகை ஒன்று எங்களிடம் இருக்கிறது. மகனுக்குப் பெங்களூருவில் பணி. தங்கவயல் வட்டாரத்தின் ஆயிரக்கணக்கான குடும்பத் தலைவர்களைப் போலவே விடியலில் ரயிலேறி, இருட்டியபின் வீடு திரும்புபவர். தாத்தாவை மாதம் இருமுறை பெங்களூருவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாடகை வண்டிச் செலவு கட்டுப்படியாகவில்லை. இதுதான் அவர்கள் கார் வாங்க நினைத்த காரணம். கையில் டாடா நெக்ஸானின் விளம்பரக் கையேடு. அதில் மிக உயர்ந்த வகைக்கு எதிரே பேனாவால் ஒரு வட்டம். தாத்தாவின் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுத்து முன்பணமாகச் செலுத்திவிட்டு, மீதிக்கு ஏழாண்டுக் கடன் பெறலாம் என்பது மகனின் திட்டம்.

அந்த வண்டியையே இக்கட்டுரைக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். இதே பிரிவில் வேறு நல்ல வண்டிகளும் உண்டு. எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பது எங்கள் நோக்கமன்று. மறுவடிவமைப்பு பெற்ற ஒரு வண்டியை எப்படிப் படிப்பது என்பதே இங்கே பொருள்.

வரியும் வடிவமும்

நெக்ஸான் முதன்முதலில் 2017 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. 2020 ஜனவரியில் சிறு மாற்றமும், 2023 செப்டம்பர் 14 அன்று பெரிய மறுவடிவமைப்பும் பெற்றது. 2020-இல் வந்த வண்டியின் நீளம் 3,993 மி.மீ.; புதியதன் நீளம் 3,995 மி.மீ. இரண்டே மில்லிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறது. இன்னும் ஐந்து மில்லிமீட்டர் வளர்ந்தால் நான்கு மீட்டரைத் தொட்டுவிடும். இது தற்செயல் அன்று.

2006-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார். சிறிய கார் எது என்பதற்கு அப்போது வகுக்கப்பட்ட வரையறை: நீளம் 4,000 மி.மீ.க்கு மிகாதிருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.க்கு மிகாத என்ஜின். இருபது ஆண்டுகளாக நம் நாட்டுக் கார்களின் உருவத்தைத் தீர்மானித்து வரும் வரி இதுதான். நெக்ஸானின் பெட்ரோல் என்ஜின் 1,199 சி.சி., டீசல் என்ஜின் 1,497 சி.சி. என்று ஏன் வேலியை உரசி நிற்கின்றன என்பது இப்போது விளங்கும். மாருதி பிரெஸ்ஸாவும் நீளத்தில் 3,995 மி.மீ.தான், ஆனால் அதன் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. என்பதால் இச்சலுகை அதற்குக் கிடைப்பதில்லை. அளவில் ஒன்றுபோல் தெரியும் இரு வண்டிகள் வரியில் வெவ்வேறு தட்டில் நிற்பது இப்படித்தான்.

ஜிஎஸ்டி வந்தபின்னும் வரையறை மாறவில்லை. விகிதம் மட்டும் மாறியது. 2025 செப்டம்பர் 22-க்கு முன் இவ்வரையறைக்குள் வரும் பெட்ரோல் காருக்கு 28 விழுக்காடு வரியும் 1 விழுக்காடு இழப்பீட்டுத் தீர்வையும் ஆக 29, டீசலுக்கு 31. அந்த நாள் முதல் இரண்டுக்கும் 18 விழுக்காடு மட்டுமே. வரையறைக்கு வெளியே உள்ள கார்களுக்கு 40 விழுக்காடு. வரியில்லா விலை 7,00,000 ரூபாயாக உள்ள ஒரு பெட்ரோல் வண்டி முன்பு 9,03,000 ரூபாய்க்கு விற்றிருந்தால், இப்போது 8,26,000 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். வண்டியில் ஒரு திருகாணிகூட மாறாமல் 77,000 ரூபாய் குறைந்திருக்கிறது. எங்கள் பார்வையில், இப்பிரிவு வண்டிகளில் அண்மையில் நிகழ்ந்த மிகப்பெரிய புதுமை இதுவே.

கண்ணில் படுபவை

இனி வண்டிக்கு வருவோம். முகம் முழுவதும் மாறியிருக்கிறது. முன்பு ஒன்றாக இருந்த முகப்பு விளக்கு இப்போது இரண்டாகப் பிரிந்து, பகலில் எரியும் மெல்லிய எல்இடி கீற்று பானெட்டின் ஓரத்திலும், உண்மையான ஹெட்லைட் கீழே பம்பரிலும் அமைந்துள்ளன. பின்புறம் இடமிருந்து வலம் வரை ஒரே கோடாக ஒளிரும் விளக்கு. பின்கண்ணாடி வைப்பர் மேலுள்ள ஸ்பாய்லருக்கு அடியில் மறைந்துகொண்டது. உள்ளே இரண்டு கம்பி ஸ்டீயரிங். அதன் நடுவில் நிறுவனச் சின்னம் ஒளிர்கிறது. ஏசியை இயக்கப் பொத்தான்களுக்குப் பதிலாகத் தொடுபலகை. உயர் வகைகளில் 10.25 அங்குலத் தொடுதிரை ஒன்று, ஓட்டுநர் எதிரே அதே அளவில் மின்னணுக் காட்டி ஒன்று, வண்டியைச் சுற்றிக் காட்டும் 360 பாகைக் கேமரா, காற்று வரும் முன்னிருக்கைகள், கம்பியில்லா முறையில் கைப்பேசிக்கு மின்னேற்றும் தட்டு, ஒன்பது ஒலிபெருக்கிகள். எக்ஸ்இ, எக்ஸ்எம், எக்ஸ்இசட் என்றிருந்த வகைப் பெயர்கள் போய், ஸ்மார்ட், ப்யூர், க்ரியேட்டிவ், ஃபியர்லெஸ் என்று வந்துள்ளன.

தொடுபலகை குறித்து எங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. பழகிய கை பொத்தானைத் தடவியே கண்டுபிடித்துவிடும். வழுவழுப்பான பலகையை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்தாக வேண்டும். விற்பனையகத்தில் நிற்கும் வண்டியில் இது தெரியாது. சோதனை ஓட்டத்தின்போது ஓடும் வண்டியில் ஏசியைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

மாறாதவற்றையும் சொல்லவேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் அன்றும் இன்றும் 2,498 மி.மீ. அடிப்படைக் கட்டமைப்பு பழையதன் தொடர்ச்சியே. எனவே பின்னிருக்கையில் கால் நீட்டும் இடம் பெரிதாகக் கூடிவிடவில்லை. பழைய வண்டியில் உட்கார்ந்து பார்த்த அனுபவம் இதற்கும் பெரும்பாலும் பொருந்தும். டிக்கி மட்டும் 350 லிட்டரிலிருந்து 382 லிட்டராகியுள்ளது. தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 208 மி.மீ. உயரம், எங்கள் வட்டாரத்துக் கிராமச் சாலை வேகத்தடைகளுக்கு இது போதும்.

என்ஜின் இரண்டும் பழையவையே. பெட்ரோல் 120 பிஎஸ் திறன், டீசல் 115 பிஎஸ். கியரில்தான் தெரிவு பெருகியுள்ளது: பெட்ரோலில் ஐந்து கியர், ஆறு கியர் என இரு கைமுறைப் பெட்டிகளும், ஆறு கியர் ஏஎம்டியும், ஏழு கியர் இரட்டை கிளட்ச் தானியங்கியும். 2024 செப்டம்பரில் டர்போ பெட்ரோல் என்ஜினோடு சிஎன்ஜி வகையும் சேர்ந்தது. இரு சிறு உருளைகளை டிக்கியின் தரைக்கு அடியில் வைத்ததால் 321 லிட்டர் இடம் மிஞ்சுகிறது. சிஎன்ஜி நினைப்போர், தம் வழக்கமான பாதையில் நிரப்பும் நிலையம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். உருளையை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதித்துச் சான்று பெறவேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளட்டும். டீசல், நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டுவோருக்கு உரியது. கரித்துகள் வடிகட்டி உள்ள இக்கால டீசல் வண்டிகளைச் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு தொல்லை தரும். மாதம் இருமுறை பெங்களூரு சென்றுவரும் குடும்பத்துக்குப் பெட்ரோலே போதும் என்றோம்.

கண்ணில் படாதவை

கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் பகுதிக்கு இப்போது வருகிறோம். இக்கட்டுரை எழுதக் காரணமே இப்பகுதிதான்.

முந்தைய நெக்ஸானில் இரண்டு காற்றுப்பைகளே இருந்தன: ஓட்டுநருக்கு ஒன்று, பக்கத்து இருக்கைக்கு ஒன்று. 2023-இல் வந்த வண்டியில் ஆறு. முன்னிருவரின் விலாப்பக்கம் இரண்டும், முன்னும் பின்னும் அமர்ந்திருப்போர் தலைகளைக் காக்கும்படி ஜன்னலோரம் திரைபோல் விரியும் இரண்டும் கூடுதலாக வந்துள்ளன. இந்த ஆறும் உயர் வகைக்கு மட்டும் உரியவை அல்ல. மிகக் குறைந்த விலையுள்ள ஸ்மார்ட் வகையிலும் அதே ஆறு உண்டு. ஐந்து இருக்கைகளுக்கும் மூன்று முனை சீட் பெல்ட், அணியாவிட்டால் எச்சரிக்கும் ஒலி, பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் ஆகியவையும் எல்லா வகைகளுக்கும் பொது.

அரசு ஆணைக்குக் கட்டுப்பட்டு வைக்கப்பட்டவையா இந்த ஆறு? இல்லை. ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 ஜனவரியில் வெளியானது. பின் 2023 அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கட்டாயமாக்கும் எண்ணம் இல்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி 2023 செப்டம்பரில் அறிவித்தார். ஆகவே எந்த நிறுவன வண்டியை வாங்கினாலும், நீங்கள் வாங்கும் அந்தக் குறிப்பிட்ட வகையில் எத்தனை காற்றுப்பைகள் உள்ளன என்பதைக் கேட்டு எழுத்தில் பெறுவது உங்கள் பொறுப்பு.

அடுத்தது இஎஸ்பி எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு. மழைநீர் தேங்கிய வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள்; வண்டியோ திரும்பாமல் நேரே வழுக்குகிறது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியுள்ளது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதை உணரிகள் ஓயாமல் ஒப்பிடுகின்றன. வேறுபாடு கண்டதும், நான்கு சக்கரங்களில் எதைப் பிடித்தால் வண்டி வழிக்கு வருமோ அந்த ஒன்றுக்கு மட்டும் பிரேக் கொடுக்கப்படுகிறது. ஓட்டுநர் எவ்வளவு திறமையானவராயினும் ஒற்றைச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுக்க அவரால் இயலாது. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி ஒசகோட்டையில் தொடங்கி, மாலூர், பங்காருப்பேட்டை வட்டாரங்களைத் தொட்டுப் பேத்தமங்கலா வரை 71 கிலோமீட்டர் நீள்கிறது. ரயிலில் சென்று பழகிய குடும்பங்கள் முதன்முறையாக அதிவேகச் சாலையில் தாமே ஓட்டிச் செல்லும் காலம் இது. நெக்ஸானின் எல்லா வகைகளிலும் இஎஸ்பி இருக்கிறது. வேறு வண்டி வாங்குவோர் இதையும் கேட்டறிக.

இவற்றின் பயனை அளந்து பார்த்த சான்றும் உண்டு. குளோபல் என்கேப் அமைப்பு 2018-இல் நெக்ஸானை மோதிச் சோதித்தபோது, பெரியவர் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. இந்தியாவில் தயாரான கார் ஒன்று ஐந்து நட்சத்திரம் பெற்றது அதுவே முதன்முறை. ஆனால் குழந்தைப் பாதுகாப்பில் மூன்று நட்சத்திரமே. விளம்பரங்களில் முதல் எண்ணைப் பார்த்தவர்கள் மிகுதி, இரண்டாவதைப் பார்த்தவர்கள் குறைவு. 2024 பிப்ரவரியில், பக்கவாட்டில் கம்பத்தில் மோதும் சோதனையையும் உள்ளடக்கிய கடுமையான புதிய விதிகளின்கீழ், மறுவடிவமைத்த நெக்ஸான் இரண்டிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2023 அக்டோபரில் தொடங்கிய நம் நாட்டின் பாரத் என்கேப் திட்டத்திலும் 2024 அக்டோபரில் அதற்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. பின்னிருக்கையில் குழந்தை அமரும் குடும்பத்துக்கு, மூன்று ஐந்தானதுதான் இம்மறுவடிவமைப்பின் முதன்மைச் செய்தி. ஒளிரும் ஸ்டீயரிங் அன்று.

ஒரு சொல் எச்சரிக்கை. காற்றுப்பை, சீட் பெல்ட்டுக்குத் துணை, மாற்று அன்று. பெல்ட் அணியாதவர் முன்னோக்கி வீசப்படும்போது, விரியும் பையே அவரைத் தாக்கும். குழந்தையை மடியில் வைத்து முன்னிருக்கையில் அமர்வது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளமாக இருந்துவருகிறது. காற்றுப்பை உள்ள வண்டியில் அதைவிட ஆபத்தானது வேறில்லை.

பத்து லட்சம் என்னும் கோடு

மேலே சொன்ன பாதுகாப்பு அடிப்படை வகையிலேயே கிடைக்கிறது என்றால், உயர் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு? திரைக்கும் இருக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும். அவை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? வசதியும் வாழ்க்கையின் பகுதிதான். ஆனால் அவற்றின் உண்மையான விலை கையேட்டில் இருப்பதில்லை.

கர்நாடகத்தில் புதிய காருக்கான வாழ்நாள் சாலை வரி, வண்டியின் விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 14 விழுக்காடு. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 17 விழுக்காடு. வருமான வரியைப் போல, வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் உயர் விகிதம் என்பதில்லை. முழு விலைக்கும் 17 விழுக்காடு. 9,90,000 ரூபாய் வண்டிக்குச் சாலை வரி 1,38,600 ரூபாய். 10,20,000 ரூபாய் வண்டிக்கு 1,73,400 ரூபாய். விலையில் வேறுபாடு 30,000. வரியில் வேறுபாடு 34,800. அதன்மேல் கூடுதல் தீர்வை தனி. மேலும் 10 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு விற்பனையாளர் 1 விழுக்காடு வருமான வரியை முன்கூட்டிப் பிடித்துக்கொள்வார். கணக்குத் தாக்கல் செய்து அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும், வாங்கும் நாளில் அந்தப் பணம் கையில் இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி குறைப்பின் பலன் இக்கோட்டருகே இரட்டிப்பாகிறது. வரியில்லா விலை 8,00,000 ரூபாய் உள்ள டீசல் வண்டி முன்பு 31 விழுக்காட்டோடு 10,48,000. சாலை வரி 1,78,160. இப்போது 18 விழுக்காட்டோடு 9,44,000. சாலை வரி 1,32,160. விலையில் 1,04,000, சாலை வரியில் 46,000, ஆக ஒன்றரை லட்சம் மிச்சம்.

பூதிகோட்டைக் குடும்பத்துக்கும் இக்கணக்கையே எழுதிக் காட்டினோம். எளிமைக்காக ஒரு வகையின் விலை 9,40,000 என்றும், அவர்கள் வட்டமிட்ட வகை 12,00,000 என்றும் கொண்டோம். "இரண்டரை லட்சம்தானே அதிகம்" என்றார் மகன். சாலை வரி 1,31,600-லிருந்து 2,04,000 ஆகும். எனவே உண்மையான வேறுபாடு 3,32,400 ரூபாய். அதை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாக எடுத்தால், திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ 4,49,000 ரூபாய். ஒரு பெரிய திரைக்கும் காற்று வரும் இருக்கைக்கும் நாலரை லட்சம்!

ஏழாண்டும் ஐந்தாண்டும்

இங்கே எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அவர்கள் கேட்காமலேயே எங்கள் இளம் அலுவலர் ஏழாண்டுக்கான தவணைத் தாளை அச்செடுத்து நீட்டியிருந்தார். மாதத் தவணை குறைவாகத் தெரியும் என்பதால் பெரும்பாலோர் அதையே விரும்புவர் என்பது வழக்கமாகிவிட்ட எண்ணம். தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்த பாட்டி, பக்கத்தில் நின்ற பேத்தியைக் காட்டி, "ஏழு வருஷமா சார்? இப்ப இவ மூணாவது படிக்கிறா. கடன் முடியறதுக்குள்ள பத்தாவது முடிச்சிடுவாளே!" என்றார். அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஐந்தாண்டுத் தாளையும் எடுத்து இரண்டையும் அருகருகே வைத்தோம்.

கடன் 8,00,000 ரூபாய், வட்டி 9 விழுக்காடு என்க. ஏழாண்டுக்கு மாதத் தவணை சுமார் 12,870 ரூபாய். மொத்த வட்டி 2,81,000 ரூபாயைத் தாண்டும். ஐந்தாண்டுக்குத் தவணை சுமார் 16,610. வட்டி 1,96,000 ரூபாயை ஒட்டி. மாதம் 3,740 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ஏறக்குறைய 85,000 ரூபாய் மிஞ்சும். அதைவிட முக்கியமானது வேறொன்று. மூன்றாண்டு கழித்து ஏதோ காரணத்தால் வண்டியை விற்க நேர்ந்தால், ஏழாண்டுக் கடனில் சுமார் 5,17,000 ரூபாய் பாக்கி நிற்கும். ஐந்தாண்டுக் கடனில் 3,63,500 ரூபாய்தான்.

காப்பீட்டிலும் இதே கணக்கு குறுக்கிடுகிறது. வண்டியின் காப்பீட்டு மதிப்பு வழக்கமான அட்டவணைப்படி மூன்றாண்டு கடந்ததும் விலையில் 40 விழுக்காடு குறைத்தே கணக்கிடப்படும். 9,40,000 ரூபாய் வண்டிக்கு நான்காம் ஆண்டு மதிப்பு 5,64,000 ரூபாய். சாலை வரி முதலியன சேர்த்து வரும் ஆன்ரோடு விலையில் 85 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 9,50,000 ரூபாய், ஏழாண்டுக்குக் கடன் பெற்றவருக்கு அந்நேரம் 6,14,000 ரூபாய் பாக்கி இருக்கும். வண்டி முற்றிலும் சேதமடைந்தாலோ திருட்டுப் போனாலோ, காப்பீட்டுத் தொகை முழுவதையும் கடனில் வரவு வைத்தபின்னும் 50,000 ரூபாய் கடன் மிஞ்சும், வண்டி இராது. நீண்ட காலக் கடனே தேவைப்படுவோர், இன்வாய்ஸ் விலை முழுவதும் கிடைக்கச் செய்யும் கூடுதல் காப்பை முதல் சில ஆண்டுகளுக்கேனும் சேர்த்துக்கொள்வது நன்று.

இம்மறுவடிவமைப்போடு நேரடியாகத் தொடர்புள்ள காப்பீட்டுச் செய்தி இன்னொன்று. ஹெட்லைட் இப்போது பம்பரில் இறங்கிவிட்டது. நெரிசலில் லேசாக இடித்தாலும் முதலில் அடிபடுவது அதுதான். சாதாரண விரிவான காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் காற்றுப்பைகளுக்கும் பாதித் தொகையே கிடைக்கும். மீதி உங்கள் கையிலிருந்து. தேய்மானம் கழிக்காத காப்பு எனப்படும் ஜீரோ டெப் இருந்தால் இக்கழிவு இல்லை. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்றாண்டுக்கு ஒருசேரக் கட்டப்படுவதால், காப்பீடு முழுவதுமே மூன்றாண்டுக்கு இருப்பதாகச் சிலர் எண்ணிவிடுகிறார்கள். சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கே இருக்கும். புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வையுங்கள்.

கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், முக்கிய விவர அறிக்கை என்னும் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் இதனை வழங்கியாக வேண்டும். வட்டி, செயலாக்கக் கட்டணம் முதலியவை எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு விழுக்காடு அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த ஓர் எண்ணே போதும். வட்டி மாறும் வகையா, மாறாத வகையா என்பதையும் பாருங்கள். தனிநபரின் சொந்தத் தேவைக்கான மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. மாறாத வட்டிக்கு இருக்கக்கூடும்.

அந்தக் குடும்பம் அன்று ஒன்றும் முடிவு செய்யாமல் எழுந்து சென்றது. பத்து நாள் கழித்து மகன் மட்டும் வந்தார். பத்து லட்சத்துக்குள் அடங்கும் பெட்ரோல் வகை, ஐந்தாண்டுக் கடன், ஜீரோ டெப் காப்பீடு. தாத்தாவின் வைப்புத்தொகை முதிர்வு வரை அப்படியே இருக்கட்டும் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள். சுற்றிக் காட்டும் கேமரா இல்லாதது மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை. பின்னோக்கி வரும்போது மனைவி இறங்கி நின்று பார்த்துச் சொல்வார் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

வண்டி வந்ததும் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்து ஒரு நகலைக் கிளையில் கொடுங்கள். கடைசித் தவணை கட்டிய பின் நாங்கள் தரும் தடையின்மைச் சான்றையும், கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்த்தால்தான் அந்தப் பெயர் நீங்கும். கடன் முடிந்து பல ஆண்டு கழித்து, வண்டியை விற்கும் நாளில் இத்தாள்களைத் தேடி வருவோர் இன்றும் இருக்கிறார்கள்.